மட்டக்களப்பிலிருந்து லண்டன்: நேர் விமானமா, டோஹா வழியா?

லண்டனில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிற அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். கட்டாரின் டோஹாவில் விமானம் மாறிப் போவது பெரிய சுற்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வான்வழி நேர்த்தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். கட்டுநாயக்க–டோஹா சுமார் 3,600, டோஹா–ஹீத்ரோ சுமார் 5,240. மிஞ்சிப்போனால் 150 கிலோமீற்றர்தான் கூட. விமானம் அதைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடும்.

நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் நேர் விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலத்தில் போய்ச் சேரும். டோஹா வழியில் 5, அப்புறம் 7 என்று பறப்பே 12 மணித்தியாலம். நடுவில் இரண்டு மணித்தியாலம் நின்றால் 14, எட்டு என்றால் 20. மலிவான டிக்கெட் கண்ணில் பட்டால் முதலில் இந்த இடைவெளியைப் பாருங்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். பகல் 1 மணிக்குக் கிளம்பி மாலை 7.30க்கு இறங்குவதாக இருந்தால் ஆறரை மணித்தியாலப் பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை.

நம் ஊர்க்காரருக்குப் பயணம் தொடங்குவது கட்டுநாயக்கவில் இல்லையே. மட்டக்களப்பிலிருந்து அங்கே நேர்கோட்டில் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். ஆனால் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று வேனில் போனால் ஏழு மணித்தியாலமாவது பிடிக்கும். ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வரும், சாரதி மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். ரயிலில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டை வரை போகாமல் ராகமவில் இறங்கி ஓட்டோ பிடித்தால் வீண் அலைச்சல் இல்லை. பறப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்கவும் வேண்டும். பகல் விமானம் என்றால் முந்தின இரவே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். இரவு விமானம் என்றால் காலையில் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போகலாம். இரண்டு டிக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கிளம்பும் நேரத்தைத்தான்.

இளம் ஆட்களுக்கு டோஹா நல்லது. நடுவில் கால் நீட்டி நடக்கலாம், காசும் மிச்சமாகலாம். ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கவேண்டும். அப்படியென்றால் பெட்டி நேரே லண்டன் போகும், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாகப் போட்டால் அந்தச் செலவு நம் தலையில்.

தனியாகப் போகும் வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது நேர் விமானமே போடுங்கள். மொழி தெரியாத பெரிய விமான நிலையத்தில் அடுத்த வாசலைத் தேடி அலையும் பதற்றம் அவர்களுக்கு வேண்டாம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.