காட்டோவா, டோமிக்ஸா: என் (N) கேஜ் தண்டவாளம் எதை வாங்கலாம்?

ஜப்பானிய என் கேஜ் ரயிலை (9 மி.மீ. பாதையில் ஓடும் சின்ன மாடல் ரயில்) ஆசையாக வாங்கிவிட்டு, தண்டவாளம் வாங்கும்போது திணறுபவர்கள் நிறைய பேர். ரயில் எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் கவலையில்லை. 9 மி.மீ. பாதை, 12 வோல்ட் டி.சி. என்பது பொது; காட்டோ, டோமிக்ஸ் என்ற இரண்டு ஜப்பானிய கம்பெனிகளின் பாதைகளிலும் ஓடும். ஆனால் இரண்டு பாதைகளும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேராது. அதனால் முதலிலேயே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.

இணைப்பு
காட்டோ யூனிட்ராக்: பிளாஸ்டிக் உறைக்குள் உலோக இணைப்பி. 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். தளர்ந்தால் இணைப்பியை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டலாம்.
டோமிக்ஸ் ஃபைன் டிராக்: மெல்லிய உலோக இணைப்பி. நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் வளைந்துவிடும், அப்புறம் மின்சாரம் விட்டுவிட்டு வரும்.

மின்சாரம்
காட்டோ: ஒயர் வைத்த தனித் துண்டோ இணைப்பியோ வேண்டும்.
டோமிக்ஸ்: ஃபீடரை (மின்சாரம் கொடுக்கும் ஒயர் செருகியை) பாதையின் ஓரத்தில் செருகினால் போதும். இது பெரிய வசதி.

இரட்டைப் பாதை இடைவெளி
காட்டோ 33 மி.மீ., டோமிக்ஸ் 37 மி.மீ.

துண்டு வகைகள்
டோமிக்ஸ்தான் முன்னே. வளைவிலேயே பிரியும் பாயின்ட் (ரயிலை வேறு பாதைக்குத் திருப்பிவிடும் துண்டு), மூன்றாகப் பிரியும் பாயின்ட் எல்லாம் உண்டு.

ஜப்பானில் பலர் செய்வதுபோல், தரையில் விரித்து ஓட்டிவிட்டு மாலையில் எடுத்து வைப்பவர்களுக்குக் காட்டோ. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பலகையில் நிரந்தரமாகப் பதித்து, சிக்கலான ஸ்டேஷன் யார்டு அமைக்க நினைத்தால் டோமிக்ஸ். எதுவானாலும், தண்டவாளத்தின் மேற்பரப்பை அடிக்கடி துடையுங்கள்.