“64 பிட் முழு எண்ணுக்கு மாற்றித் தருகிறோம்” என்பவர்களிடம் எச்சரிக்கை

பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீட்டு நிரல்களை வெளியாட்களிடம் கொடுத்து மாற்றியமைத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். எங்கள் குழு ஒரு நிறுவனத்தை நம்பி ஏமாந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்த வேலை என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் எழுதி, கணினிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் எம்பிஐ நூலகத்தைக் கொண்டு ஓடும் நிரல். ஃபோர்ட்ரானில் முழு எண் வழக்கமாக 4 பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் நீளத்திலும் அகலத்திலும் 46,341 உறுப்புகள் கொண்ட ஒரு சதுர அணியின் உறுப்புகளை ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் அந்த எல்லை தாண்டிவிடும். எங்கள் கணக்குகள் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டதால் 8 பைட் (அதாவது 64 பிட்) முழு எண்ணுக்கு மாற்றித் தரக் கேட்டோம்.

அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: முழு எண்களையெல்லாம் 8 பைட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு விருப்பத்தைக் கம்பைலருக்கு (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு) கொடுத்தார்கள். எங்கள் நிரல் 8 பைட்டுக்கு மாறியது. அது அழைக்கும் எம்பிஐ நூலகம் 4 பைட்டிலேயே இருந்தது. நேரியல் இயற்கணித நூலகமும் அப்படியே. மாதிரிக் கணக்கு ஒன்றை ஓட்டிக் காட்டி, அறிக்கையும் பில்லும் அனுப்பிவிட்டார்கள்.

மாதிரிக் கணக்கு எப்படிச் சரியாக வந்தது? ஃபோர்ட்ரான் அழைப்பில் போவது பொதுவாக மாறியின் முகவரிதான். இன்று புழங்கும் பெரும்பாலான செயலிகள் எண்ணின் கீழ்ப்பாதியை முதலில் வைப்பவை. ஆகவே 8 பைட்டில் எழுதிய சிறிய எண்ணை நூலகம் 4 பைட்டாகப் படித்தாலும் அதே எண் கிடைக்கிறது. நூலகம் திருப்பி எழுதும்போது கீழ் 4 பைட்டில் மட்டும் எழுதும். மேல் 4 பைட்டில் ஏற்கெனவே பூஜ்ஜியம் கிடந்தால் சரியான விடை, வேறு எதுவும் கிடந்தால் குப்பை. அங்கே என்ன கிடக்கும் என்பதைக் கம்பைலரின் மேம்படுத்தும் நிலைகூட மாற்றிவிடும். பிழையைத் தேட ஒரு அச்சிடும் வரியைச் சேர்த்தால் பிழையே மறைந்துபோவதும் இதனால்தான்.

முழு எண் வரிசைகளை அனுப்பும்போது நிலைமை இன்னும் மோசம். ஆயிரம் எண்களை அனுப்பச் சொன்னால் நூலகம் தன் கணக்குப்படி 4,000 பைட்டை அனுப்பும்; நம் வரிசையோ 8,000 பைட். பாதிதான் போய்ச் சேரும், மீதி இடத்தில் பழைய எண்கள் இருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அவர்களின் மாதிரிக் கணக்கில் பணிப் பங்கீடு நடுவில் மாறுவதே இல்லை. அதனால் முழு எண் வரிசை எதுவும் பயணம் செய்யவில்லை. எல்லைகளும் சுழற்சி எல்லைகள், அதாவது ஓர் ஓரத்துக்கு அடுத்து எதிர் ஓரம் வரும். எங்கள் உண்மையான கணக்கில் ஓரத்தில் இருக்கும் செயல்முறைக்கு (ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் பிரதிகளில் ஒன்றுக்கு) பக்கத்தில் ஆள் இல்லை. அதைக் குறிக்க நூலகம் ஓர் எதிர்ம எண்ணைத் தருகிறது. எம்பிஐ நூலகத்தின் ஒரு வடிவமான எம்பிச்சில் அது -1. மேல்பாதி பூஜ்ஜியமாக இருந்த 8 பைட் மாறியில் அது 4,294,967,295 என்று தெரிந்தது. “பூஜ்ஜியத்தைவிடக் குறைவா?” என்ற எங்கள் சோதனை அங்கே செத்துவிட்டது.

புகார் செய்தோம். முதலில் வலைப்பின்னல் மீது பழி. பிறகு நினைவகம் போதாது என்றார்கள். பிறகு எங்கள் உள்ளீட்டுத் தரவு சரியில்லை என்றார்கள். ஒவ்வொரு “ஆய்வுக்கும்” தனிக் கட்டணம்.

என்னைக் கொதிக்க வைத்தது பிறகு தெரிந்த விஷயம். எங்கள் மூலநிரல் எம்பிஐ மாட்யூலை, அதாவது ஒவ்வொரு அழைப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் பகுதியை, பயன்படுத்தி எழுதப்பட்டது. மாட்யூல் இருந்தால் முழு எண் அளவு பொருந்தாத அழைப்பைக் கம்பைலரே பிடித்து நிறுத்திவிடும். நிறுத்தியும் இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாட்யூலை எடுத்துவிட்டு, மூலநிரலில் அப்படியே ஒட்டப்படும், எதையும் சரிபார்க்காத பழைய இன்க்ளூட் கோப்பை எல்லா இடத்திலும் போட்டிருந்தார்கள். பழைய, புதிய மூலநிரல்களை ஒப்பிட்டபோதுதான் இது கண்ணில் பட்டது. வெப்பமானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொன்ன கதை. இது தெரியாமல் நடந்தது என்று என்னை யாரும் நம்ப வைக்க முடியாது. அந்த இன்க்ளூட் கோப்பு எம்பிஐ 4.1 தரநிலையிலேயே கைவிடப்பட வேண்டியது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது.

அறிக்கையில் இன்னொரு புளுகும் இருந்தது: ஒரே செய்தியில் 200 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகளை இனி அனுப்பலாம் என்று. 4 பைட் நூலகத்தின் சாதாரண அழைப்புகளில் எண்ணிக்கையும் 4 பைட்தான். பெரிய எண்ணிக்கைகளுக்கான அழைப்புகள் 2021இல் வந்த எம்பிஐ 4.0 தரநிலையில்தான் சேர்க்கப்பட்டன. ஃபோர்ட்ரானில் அவை எம்பிஐயின் ஃபோர்ட்ரான் 2008 மாட்யூல் வழியாக மட்டுமே கிடைக்கும்.

உங்களிடம் யாராவது இப்படி ஒரு நிரலைக் கொண்டுவந்தால் ஒரு சிறு சோதனை போதும். அவர்கள் பயன்படுத்திய அதே விருப்பத்தோடும் அதே இன்க்ளூட் கோப்போடும், ரேங்க் எண்ணை (ஒவ்வொரு செயல்முறைக்கும் எம்பிஐ தரும் வரிசை எண்ணை) மட்டும் அச்சிடும் நிரல் ஒன்றை எழுதுங்கள். ரேங்க் மாறியில் முதலில் -1 வைத்துவிட்டு எம்பிஐயிடம் ரேங்க் கேளுங்கள். பூஜ்ஜியமாவது செயல்முறை -4,294,967,296 என்று அச்சிட்டால் நூலகம் 4 பைட். நூலகம் எம்பிஐயின் இன்னொரு வடிவமான ஓபன் எம்பிஐ என்றால் அதன் தகவல் கட்டளையே ஃபோர்ட்ரான் முழு எண்ணின் அளவைச் சொல்லிவிடும். இன்டெல் எம்கேஎல் போன்ற நேரியல் இயற்கணித நூலகங்களில் இணைக்கப்பட்ட கோப்பின் பெயரைப் பாருங்கள்: எல்பி64 என்றால் 4 பைட் முழு எண், ஐஎல்பி64 என்றால் 8 பைட். இரண்டிலும் நினைவக முகவரிகள் 64 பிட் என்பதால் இரண்டுமே 64 பிட் நூலகங்கள்தான், அதனால் “64 பிட்” என்று மட்டும் எழுதியிருக்கும் ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள். மாட்யூல் நீக்கப்படவில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் அந்தக் கம்பைலர் விருப்பத்தையே எடுத்துவிட்டோம். உண்மையிலேயே பெரிதாக வளரும் மாறிகளை மட்டும் 8 பைட் என்று வெளிப்படையாக அறிவித்து, அவற்றை அனுப்பும் இடங்களில் எம்பிஐயின் 8 பைட் வகையைக் கொடுத்தோம். மாட்யூல் திரும்ப வந்தது. கம்பைலர் சுட்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். நிறுவனத்திடம் ரேங்க் சோதனையின் விடையை அனுப்பியபோது “கம்பைலரின் பிழை” என்று பதில் வந்தது. கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை.