மர லூர்: எந்த மரத்துக்கு எந்தப் பூச்சு?

வீட்டில் மர லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கைத் தூண்டில் இரை, செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்தே தொடங்குகிறார்கள். முதுகுக்குப் பச்சையா கறுப்பா, வயிற்றுக்கு வெள்ளியா தங்கமா என்றே பேச்சு போகும். ஆனால் லூர் நீரில் எப்படி நீந்தும் என்பதை உள்ளே இருக்கும் மரமும், எத்தனை காலம் உழைக்கும் என்பதை மேலே இருக்கும் தோலும்தான் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே என் கட்சி. மரத்தை முடிவுசெய்த உடனே கம்பி வேலை, சீலர் (நீர் புகாமல் மரத்தை அடைக்கும் அடிப்பூச்சு), மேல்பூச்சு மூன்றும் பாதி முடிவாகிவிடுகின்றன.

ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவு வேண்டும். முட்டுக்காடு, பழவேற்காடு, பிச்சாவரம் போன்ற இடங்களில் கொடுவாவுக்கும் செப்பலிக்கும் வீசக்கூடிய 10 செ.மீ. நீள மிதக்கும் மீன் வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் நீரில் மோதி உடலை ஆடவைக்கும் ஒரு லிப் தகடு, கீழே இரண்டு மும்முனை முள். உடலின் கொள்ளளவு சுமார் 15 கன செ.மீ. என்றால், மொத்த எடை 15 கிராமுக்குள் இருக்கும்வரை நன்னீரிலும் மிதக்கும். மிதப்பும் ஆட்டமும் சேர்ந்து அமைய 12 கிராமில் நிறுத்துவது நல்லது.

எடைக் கணக்கு

பால்சா ஒரு கன செ.மீ.க்குச் சராசரியாக 0.16 கிராம். அமெரிக்காவில் லூர் செய்பவர்கள் விரும்பும் வெஸ்டர்ன் ரெட் சீடர் சுமார் 0.38. தேக்கு சுமார் 0.65. ஆகவே அதே உடல் பால்சாவில் 2.4 கிராம், சீடரில் 5.7 கிராம், தேக்கில் கிட்டத்தட்ட 10 கிராம். முள், வளையம், கம்பி, லிப் எல்லாம் சேர்ந்து 4 கிராம், பூச்சு 1 கிராம் என்று கொள்ளுங்கள். 12 கிராமை எட்ட, பால்சாவின் வயிற்றில் நான்கரை கிராமுக்கு மேல் ஈயம் வைக்கலாம். சீடரில் ஒன்றேகால் கிராம்தான் வைக்கலாம். தேக்கில் ஈயத்துக்கு இடமே இல்லை. அது ஏற்கெனவே மூழ்கும் விளிம்பில் நிற்கிறது.

பால்சாவின் புகழுக்கெல்லாம் காரணம் இந்த ஈயக் கணக்குதான். கீழே கனமும் மேலே மிதப்பும் இருக்கும் உடலை, லிப் தகட்டில் மோதும் நீர் ஒரு பக்கம் சாய்க்கிறது. உடல் உடனே நிமிரப் பார்க்கிறது. நீர் மறுபக்கம் தள்ளுகிறது. இந்த இழுபறி எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு உயிரோட்டமான நெளிவு கிடைக்கும். மெதுவாகச் சுற்றி இழுத்தாலும் பால்சா ஆடும். கனமரம் ஆட வேகம் வேண்டும்.

ஆனால் வீசும்போது நிலைமை மாறும். கழிமுகத்தில் மாலை வேளையில் கடற்காற்று எதிரே அடிக்கும்போது, கனமான உடல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். 8 கிராம் பால்சா லூர் பாதி வழியில் தடுமாறி விழும். உள்ளே ஈயம் சேர்த்தால் வீச்சு கூடும், மிதப்பு குறையும்.

மென்மரமும் கடினத் தோலும்

பின்லாந்தின் பையன்னே ஏரிக்கரையில் 1936இல் லவுரி ரபாலா செய்த முதல் லூரின் கதையைத் தூண்டில்காரர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். செருப்புத் தைப்பவரின் கத்தியால் கார்க்கைச் செதுக்கினார். சாக்லேட் சுற்றிய உலோகத்தாளை அதன்மேல் ஒட்டினார். புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேல்பூச்சாக்கினார். பிறகுதான் அந்த லூர்கள் பால்சாவுக்கு மாறின. இந்தக் கதையில் எல்லோரும் அவருடைய ஏழ்மையையும் சாமர்த்தியத்தையும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது பொருத்தம். விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும் உள்ளுடல். அதைச் சுற்றி ஓடு போல இறுகும் ஃபிலிம் பூச்சு. ஜப்பானில் கையால் பால்சா லூர் செய்பவர்கள் இன்றும் இதே வழியில்தான் போகிறார்கள்: அலுமினியத் தாள் ஒட்டி, செல்லுலோஸ் லேக்கரில் (வேகமாக உலரும் ஒரு வகை வார்னிஷ்) பலமுறை முக்கி எடுத்து, ஒவ்வொரு முக்கலுக்கும் இடையே உலரவைக்கிறார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் அலையில் நின்று ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனைப் பிடிப்பவர்கள் இதற்கு நேர் எதிரான மரபை வளர்த்தார்கள். மேப்பிள், பிர்ச், சீடர் போன்ற மரங்களைக் கடைசலில் உருட்டி, நடுவே நீளவாக்கில் துளையிட்டு, மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பியை ஓட்டுகிறார்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் மினரல் டர்பன்டைன் கலந்து ஊறவைத்து, நாள்கணக்கில் உலர்த்தி, பிறகே பிரைமர் அடிக்கிறார்கள். மரமே தாங்கும் என்பதால் தோல் மெல்லியதாக இருந்தாலும் குறையில்லை.

பால்சாவில் எண்ணெய் முறையைப் பயன்படுத்துவது வீண். அது எண்ணெயைக் குடித்துக் கனக்கும், உறுதி மட்டும் கூடாது. மேப்பிளில் இருபது முறை லேக்கர் முக்குவதும் வீண் உழைப்பு.

நம் ஊரில் என்ன கிடைக்கிறது? விமான மாதிரி செய்வோருக்கான கடைகளில் பால்சா பலகை கிடைக்கும். பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருவது. ஒரே கட்டிலேயே சில பலகைகள் மிக இலேசாகவும் சில இரு மடங்கு கனமாகவும் இருக்கும் என்பதால் எடைபோட்டே வாங்க வேண்டும். பேக்கிங் பெட்டிகளிலிருந்து வரும் பைன் மலிவு. ஆனால் கணுவும் பிசினும் உண்டு. பிசின் வெயிலில் கசிந்து வெள்ளைப் பூச்சின்மேல் மஞ்சள் கறையாகத் தெரியும். நான் பரிந்துரைப்பது கட்டுமரத்துக்கு உதவிய மரங்களை. முள்முருங்கையும் மலைவேம்பும் நம் கரையோர மீனவர்கள் மிதப்புக்காகவே தேர்ந்தெடுத்தவை. மலைவேம்பு இப்போது ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகத் தமிழகமெங்கும் நடப்படுவதால் துண்டு மரம் கிடைப்பதும் எளிது. பால்சாவுக்கும் தேக்குக்கும் நடுவே நிற்கும் மரம் அது. கத்திக்கு இணங்கும், திருகாணியையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். முதல் லூர் செய்பவர் பால்சாவை விட்டு இதில் தொடங்கலாம்.

தேக்கு பட்டறைக் கழிவாகக் கிடைப்பதால் ஆசை காட்டும். அதன் இயற்கை எண்ணெய் எபாக்சியை (இரு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) ஒட்டவிடாது; அசிட்டோனால் துடைத்த கையோடு பூச வேண்டும். லிப் வைத்த மிதக்கும் லூருக்கு அதை நான் எடுக்கமாட்டேன். நீர்ப்பரப்பில் குதிக்கும் பாப்பருக்கும், ஆழத்துக்கு இறங்கவேண்டிய மூழ்கும் வடிவங்களுக்கும் தாராளமாக எடுக்கலாம். சன்னபட்னா பொம்மைகளுக்குக் கடையும் வெட்பாலையும் அந்த வகைக்கு அருமையான மரம்: நுண்ணிய இழை, வெள்ளை நிறம், உப்புத்தாள் போட்டால் வழவழப்பு.

கம்பியும் லிப்பும்

முள்ளை மாட்ட மரத்தில் திருகும் வளையமான திருகாணிக் கண்ணி எளிது. மலைவேம்பில் எபாக்சி தடவித் திருகினால் விராலுக்குப் போதும். பால்சாவில் அதை நம்பவே கூடாது. கொடுவா தலையை உதறும் ஒரு உதறலில் கண்ணியும் மரத்தூளும் முள்ளோடு போய்விடும். பால்சா என்றால் உடலை அடிவயிற்றில் பிளந்து, 0.8 முதல் 1 மி.மீ. வரையுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஒரே துண்டாக வளைத்து உள்ளே வைத்து, ஈயத்தையும் அதே பிளவில் பதித்து, எபாக்சியால் மூடுவது ஒன்றே வழி. மரம் முழுக்க நொறுங்கினாலும் மீன் கம்பியில் இருக்கும். உப்பங்கழியில் வீசும் எந்த லூருக்கும், மரம் எதுவானாலும், இதையே செய்யுங்கள்.

லிப்புக்கு மூன்று பொருள்கள் போட்டியிடுகின்றன. பாலிகார்பனேட் தகடு தெளிவானது, பாறையில் மோதினாலும் உடையாது. பழைய சிடி 1.2 மி.மீ. பாலிகார்பனேட்தான், வெள்ளிப் படலத்தை உரித்துவிட்டால் இலவச லிப். அதன் வழவழப்பில் எபாக்சி பிடிக்காது என்பதால் மரத்துக்குள் போகும் பகுதியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஓரிரு துளையும் இடவேண்டும். மின்சுற்றுப் பலகைக்கான கண்ணாடியிழைத் தகடு மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருக்கும், எபாக்சியோடு நன்றாகப் பிணையும், நெளிவும் கூர்மையாகும். அக்ரிலிக் தகடு அறுக்கும்போதே விரிசல் விடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். லிப் உடலின் நீளவாக்கை ஒட்டி நீண்டால் ஆழம் போகும். செங்குத்தாகக் கீழே இறங்கினால் மேல்மட்டத்தில் அகலமாக ஆடும்.

சீலர்

லூர் சாவது பெரும்பாலும் இங்கேதான். முள் உரசும் இடம், லிப் பிளவின் ஓரம், கண்ணியின் அடி ஆகியவற்றின் வழியே நீர் நுழைகிறது. மரம் உப்புகிறது, பூச்சு விரிகிறது, அடுத்த வெயிலில் கொப்புளம் கிளம்புகிறது.

தச்சுக் கடைகளில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர் மலிவு, அரை மணியில் உலரும், துளைகளை நிரப்பும். ஆனால் அது தேய்ப்பதற்கான அடித்தளமே தவிர, நீர்த்தடுப்பு அல்ல. சயனோஅக்ரிலேட் பசை, அதாவது நாம் எல்லோரும் ஃபெவிக்விக் என்று வாங்குவது, பால்சாவின் மேற்பரப்பில் ஊறி அதை எலும்பு போல இறுக்கிவிடும். நல்ல காற்றோட்டம் வேண்டும். ஆவி கண்ணைச் சுடும். எண்ணெய் நடுத்தர மரங்களுக்குச் சிறந்தது. உலர்வதற்குப் பொறுமை வேண்டும், அரைகுறையாக உலர்ந்த எண்ணெயின்மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெளிவிடும் வெப்பத்தில் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்தோ நீரில் அமிழ்த்தியோ வைக்கவேண்டும். என் தேர்வு: பால்சாவுக்கு சயனோஅக்ரிலேட், பிறகு மெல்லிய எபாக்சி ஒரு பூச்சு. மலைவேம்புக்கும் பைனுக்கும் நீர்த்த எபாக்சி மட்டுமே போதும்.

நிறம்

வெள்ளை பிரைமர் இல்லாமல் எந்த நிறமும் மங்கிவிடும். அதற்கு மேலே ஸ்பிரே டப்பாவா, ஏர்பிரஷ்ஷா, தூரிகையா? ஸ்பிரே டப்பா வேகமானது. ஆனால் அதன் துகள் பெரிது, நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும் மென்மை கிடைக்காது. ஏர்பிரஷ்ஷும் நீர்வழி அக்ரிலிக்கும் அந்த மென்மையைத் தரும், வாடையும் இல்லை. ஒரு சிறிய கம்ப்ரசர் வாங்க வேண்டியிருக்கும். ஒரு சில லூர்களுக்காக அந்தச் செலவு தேவையில்லை. கொசுவலைத் துண்டை உடலில் இறுக்கிச் சுற்றி ஸ்பிரே அடித்தாலே செதில் விழும். தூரிகை கண்ணுக்கும் செவுளுக்கும் மட்டும் போதும். அலுமினியத் தாள் ஒட்டுவது பொறுமையைக் கேட்கும் வேலை என்றாலும், தெளிந்த நீரில் அதற்கு ஈடான மினுக்கு எந்தப் பெயின்ட்டிலும் இல்லை.

கலங்கிய கழிமுகத்தில் அந்த மினுக்கு பெரிதாகப் பயன்படாது. அங்கே எலுமிச்சைப் பச்சை, தங்கம், அல்லது முழுக் கறுப்பு. தெளிந்த ஆழநீரில் சிவப்பு ஒளி முதலில் மறைந்துவிடுவதால் சிவப்புத் தொண்டை அங்கே சாம்பலாகத்தான் தெரியும். மேல்மட்டத்தில் ஓடும் லூருக்கு மட்டும் அது பொருள்படும். எந்த நீரானாலும் முதுகு இருட்டாகவும் வயிறு வெளிச்சமாகவும் இருக்கட்டும்.

ஒரு கண்டிப்பான விதி உண்டு. எனாமலின்மேல் என்.சி. லேக்கர் அடிக்காதீர்கள்; லேக்கரின் தின்னர் எனாமலைச் சுருக்கி எழுப்பிவிடும். லேக்கரின்மேல் எனாமல் அடிக்கலாம்.

மேல்பூச்சு

இரு பாக எபாக்சி கனமான, கண்ணாடி போன்ற ஓடு தரும். பல் கூரான சீலாவுக்கும் உழைக்கும் லூருக்கும் இதற்கு நிகரில்லை. கலவை விகிதம் பிசகினால் என்றைக்கும் பிசுபிசுக்கும். கிண்டும்போது குமிழ் வரும். வழிந்து வயிற்றில் தேங்காமலிருக்க லூரைச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு 5 அல்லது 6 சுற்று. அந்த வேலைக்கு மிகப் பொருத்தம். மழைக்காலத்தில் எபாக்சியின்மேல் எண்ணெய்ப்பசை போன்ற படலம் படியும். இறுகிய பின் வெதுவெதுப்பான நீரில் துடைத்தால் போய்விடும். சாதாரண அரால்டைட் மஞ்சள் சாயல் கொண்டது. வெள்ளை வயிற்றுக்கு அது ஆகாது, தங்க நிறத்துக்குப் பாதகமில்லை.

யூவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகும் பிசின்) நம் வெயிலுக்கென்றே வந்தது போலிருக்கும். நிழலில் பூசி, சமன்படும்வரை காத்திருந்து, வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் இறுகும். சுழற்றும் மோட்டார் தேவையில்லை. ஆனால் நகைவேலைக்கு விற்கும் பல ரெசின்கள் நொறுங்கும் தன்மையுள்ளவை. கல்லில் மோதினால் சில்லாகப் பெயரும். பழுதுபார்க்கவும் கண்ணின்மேல் சொட்டு வைக்கவும் நான் அதை வைத்துக்கொள்வேன். முழு உடலுக்கு எபாக்சியே.

ஈரப்பதத்தில் இறுகும் யுரேத்தேனில் முக்கி எடுப்பது மிக இலேசான தோலைத் தரும், தூரிகைக் கோடும் விழாது. நம் கடலோரக் காற்றில் டப்பாவைத் திறந்ததுமே அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். ஆவியும் நுரையீரலுக்குக் கேடு. மாதத்துக்கு ஒன்றிரண்டு லூர் செய்பவருக்கு டப்பாவில் பாதி வீணாகும். செல்லுலோஸ் லேக்கர் முக்கலுக்குப் பதினைந்து இருபது சுற்று வேண்டும், நெருப்பு அபாயமும் உண்டு. ஆனால் ஒரு மி.மீ.யில் பத்தில் சில பங்கே கனமுள்ள அந்தத் தோலில்தான் பால்சாவின் நெளிவு முழுதாக வெளிப்படும். எபாக்சி ஓடு முதுகில் எடையேற்றி அதைச் சற்றே மந்தமாக்கும். ஆகவே தெளிந்த நீர், மெதுவான இழுப்பு, பல்லில்லாத மீன் என்றால் பால்சாவும் லேக்கரும். கழிமுகம், காற்று, கொடுவா என்றால் மலைவேம்பு, முழுநீளக் கம்பி, எபாக்சி.

பெட்டியில் அடுக்கும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். மென்மையான ரப்பர் புழுக்களில் உள்ள இளக்கி எண்ணெய் லேக்கர் தோலை இளக்கி ஒட்டவைத்துவிடும். நன்றாக இறுகிய எபாக்சி பெரும்பாலும் தாங்கும். லேக்கர் லூர்களுக்குத் தனி அறை ஒதுக்குங்கள், முள் ஒன்றோடொன்று உரசாதபடி.