அளவுகோலா, துல்லியச் சோதனையா?

நிலத்தடி எரிபொருள் தொட்டி கசிகிறதா என்று அறிய எளிய வழி, தினமும் அளவுகோலை இறக்கிப் பார்த்து விற்பனைக் கணக்கோடு ஒப்பிடுவது. செலவு குறைவு. கோலின் நுனியில் தடவிய பசை நிறம் மாறினால் அடியில் தண்ணீர் இருப்பதும் தெரிந்துவிடும். ஆனால் ஈரக்கோட்டை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே பல லிட்டர் பிசகும்.

துல்லியச் சோதனையில் விற்பனையை நிறுத்தி, நுண்ணிய உணரிகளால் தொட்டியின் மட்டத்தை மணிக்கணக்கில் கண்காணிக்கிறார்கள். மணிக்கு அரை லிட்டருக்கும் குறைவான கசிவுகூடச் சிக்கும். இங்கே எதிரி வெப்பநிலை. 10,000 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் 10 லிட்டர் சுருங்கும். லாரி இறக்கிய கையோடு சோதித்தால் இல்லாத கசிவு தெரியும், அல்லது இருப்பது மறையும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அதன் அழுத்தமும் கசிவை மறைத்துவிடும்.

கோல் தினசரிக் காவலுக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. சொட்டுச் சொட்டாகக் கசிவது கணக்கில் 'ஆவியானது' என்று எழுதப்பட்டு, பக்கத்துக் கிணற்று நீரில் வாடை வந்த பிறகே தெரியவரும். அதனால் துல்லியச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குழாய்களையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். தொட்டியை மட்டும் பார்த்தால் அவற்றின் கசிவு தெரியாது.