ஐயெல்ட்ஸ் லிசனிங், ரீடிங்: இரண்டு தடவை எழுதிய பிறகு சொல்கிறேன்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக நினைக்கிறவர்கள் ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் தேர்வு என்றதும் ரைட்டிங்கையும் ஸ்பீக்கிங்கையும் நினைத்துத்தான் பயப்படுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல். கட்டுரை எழுதவும் பேசவும் மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன், கடைசியில் கவிழ்த்தது லிசனிங். அதனால் இந்த மதிப்புரை அந்த இரண்டு பகுதிகளைப் பற்றி மட்டும்: காதால் கேட்டு எழுதுவது, கண்ணால் படித்து எழுதுவது. மற்ற இரண்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2024-இல் மேற்படிப்புக்கான அகாடமிக் தேர்வை இரண்டு தடவை எழுதினேன், இரண்டும் சென்னையில், இரண்டும் கணினியில். முதல் தடவை லிசனிங் 6, ரீடிங் 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. நான்கையும் கூட்டி வகுத்தால் 6.75, முக்கால் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடுவார்கள், கால் வந்தால் அரைக்கு. ஆக மொத்தம் 7. வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை மறுபடி படித்தால், மொத்தம் 7 வேண்டும், அதோடு எந்தப் பகுதியும் 6.5-க்குக் கீழே போகக்கூடாது. லிசனிங்கில் அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண், குறைவு. 40 கேள்வியில் 23 சரியாக இருந்தால் 6, 30 இருந்தால் 7, 35 இருந்தால் 8 என்பது அவர்களே வெளியிட்டிருக்கிற தோராயக் கணக்கு, அதாவது இரண்டு மூன்று கேள்வியில் எனக்கு ஒரு சேர்க்கை நழுவியது.

தேர்வை நடத்துகிறவர்கள் யாரென்று தெரியாதவர்களுக்கு: பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி என்கிற ஆஸ்திரேலிய நிறுவனம், கேம்பிரிட்ஜ் மூன்றும் சேர்ந்து நடத்துவது, இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சிலின் பங்கை 2021-இல் ஐடிபி வாங்கிக்கொண்டதால் நம் ஊரில் பதிவு செய்வதெல்லாம் அவர்களிடம்தான். நான் எழுதியபோது கட்டணம் ஒரு தடவைக்கு 17,000 ரூபாய். இரண்டு தடவைக்கு 34,000. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை கிடையாது. இந்த மதிப்புரையை எழுத முக்கியக் காரணமே அந்த இரண்டாவது 17,000-ஐ நீங்கள் கட்ட வேண்டாம் என்பதுதான்.

லிசனிங் நான்கு பகுதி, பகுதிக்குப் பத்துக் கேள்வி, ஏறக்குறைய 30 நிமிடம். முதலில் இரண்டு பேர் அன்றாட விஷயம் ஏதாவது பேசுவார்கள், வீடு வாடகைக்கு விசாரிப்பது, நூலகத்தில் சேருவது மாதிரி. இரண்டாவது ஒரே ஆள் பேசுவது. மூன்றாவதில் மாணவர்களும் ஆசிரியரும் ஒரு அசைன்மென்ட் பற்றிப் பேசிக்கொள்வார்கள். நான்காவது முழுக்க முழுக்க ஒரு வகுப்பறை விரிவுரை. எல்லாமே ஒரே ஒரு தடவைதான் ஓடும். கேள்விகள் முன்னாலேயே திரையில் இருக்கும், படித்துக்கொள்ள நேரமும் தருவார்கள், ஆனால் ஒரு விடையைத் தவறவிட்டு அதையே யோசித்துக்கொண்டு இருந்தால் அடுத்த இரண்டும் போய்விடும். கணினித் தேர்வில் கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம்தான், நான் எழுதியபோது தாள் தேர்வில் விடையை மாற்றி எழுத 10 நிமிடம் தந்தார்கள்.

சரி, எங்கே தவறினேன்? எல்லோரும் கடினம் என்று சொல்கிற நான்காவது பகுதியில் இல்லை. அது விரிவுரை, பொறுமையாக, ஒழுங்காகப் போகும், அறிவியல் படித்தவனுக்கு அந்த நடை பழக்கம்தான். தவறியது முதல் பகுதியில், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட எளிது என்று நினைக்கிற இடத்தில். பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு, தேதி.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மொழிக்காரர்களுக்கு இது தனிச் சிக்கல். இங்கிலாந்து அஞ்சல் குறியீட்டில் எண்ணும் எழுத்தும் கலந்து வரும். தொலைபேசியில் பேசுகிற அம்மா அதை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார், 'டி' என்று காதில் விழுகிறது. டெல்லிக்கு வருகிற டி-யா, தமிழ்நாட்டுக்கு வருகிற டி-யா? 'பி' என்கிறார். பம்பாயா, பாண்டிச்சேரியா? இதைத் தமிழில் எழுதும்போதே பாருங்கள், இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் இருக்கிறது. நாம் போனில் இங்கிலீஷ் எழுத்து சொல்லும்போது "பி ஃபார் பாம்பே" என்று சேர்த்துச் சொல்லிப் பழகியதே இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான். தேர்வில் யாரும் பாம்பே சொல்லமாட்டார்கள். வெறும் எழுத்து, அரை நொடி, அடுத்த எழுத்து வந்துவிடும். முதல் தடவை ஒரு தெருப் பெயரை எழுதிவிட்டு, இது பி-யா பி-யா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே வாடகைத் தொகையும் சாவி வாங்குகிற நாளும் கடந்து போய்விட்டன.

இரண்டாவது, சொல்லின் கடைசியில் வருகிற 'ஸ்'. விடை பன்மையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒருமையாக எழுதினால் மதிப்பெண் இல்லை. நாம் "பத்துப் புத்தகம் வாங்கினேன்", "மூணு இட்லி சாப்பிட்டேன்" என்று பேசுகிறவர்கள், எண் சொன்னபிறகு 'கள்' நமக்குத் தேவைப்படுவதில்லை. அதனால் காது அந்தக் கடைசி ஒலியைத் தேடுவதே இல்லை. இலக்கணம் தெரியாதா என்றால் தெரியும், எழுதச் சொன்னால் சரியாக எழுதுவேன். கேட்கும்போதுதான் விழவில்லை. மாதிரித் தேர்வுகளில் என் தப்புகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், இருபது தேர்வு முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் மற்ற எல்லா வகைத் தப்பையும்விட இந்த 'ஸ்' தப்புதான் அதிகம்.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி மாதிரி எண்களும் உண்டு. பதினைந்தும் ஐம்பதும் நமக்குப் பக்கத்தில்கூட வராத இரண்டு சொற்கள், இங்கிலீஷில் எந்த அசையை அழுத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரித்துக் கேட்க வேண்டும். பேசுகிறவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு "இல்லையில்லை, செவ்வாய்க்கிழமை ஆள் இருக்கமாட்டார், வியாழன் வாங்க" என்று மாற்றிச் சொல்வதும் வரும், முதலில் கேட்டதை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால் போச்சு. எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் கிடையாது. பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை எது எழுதினாலும் செல்லும். தப்பான விடைக்கு மைனஸ் இல்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

இதெல்லாம் அநியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். படிக்க இங்கே வெளிநாட்டுக்கு வந்து முதல் வாரம் வங்கிக் கணக்கு திறக்கவும் மருத்துவரிடம் பதிவு செய்யவும் போனில் பேசியபோது அதே முகவரி, அதே அஞ்சல் குறியீடு, அதே வேகம். தேர்வு கேட்டதைத்தான் ஊரும் கேட்டது.

ரீடிங் வேறு மாதிரி. மூன்று கட்டுரை, 40 கேள்வி, சரியாக 60 நிமிடம், கூடுதல் நேரம் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மூன்றும் சேர்ந்து 2,150-லிருந்து 2,750 சொல் வரை இருக்கும். புத்தகம், பத்திரிகை, ஆய்விதழ்களிலிருந்து எடுத்தவை, ஆனால் அந்தத் துறை தெரியாதவருக்கும் புரியும்படி இருக்கும். திரையில் இடது பக்கம் கட்டுரை, வலது பக்கம் கேள்வி, வேண்டிய வரிக்கு நிறம் பூசிக்கொள்ளலாம். அது நல்ல வசதி, பழகிக்கொண்டு போங்கள்.

எனக்கு இந்தப் பகுதியில் ரொம்பப் பிடித்ததும் ரொம்பப் படுத்தியதும் ஒரே கேள்வி வகைதான்: ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். கட்டுரையில் உள்ளபடி சரி, கட்டுரைக்கு மாறானது, கட்டுரையில் சொல்லவே இல்லை. இந்த மூன்றாவதுதான் கண்ணி. நமக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறேன். "பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. கப்பல் போகும்போது அதன் நடுப்பகுதியைத் திறந்து வழிவிட்டார்கள்" என்று கட்டுரையில் இருக்கிறது என்று வையுங்கள். "பாம்பன் பாலத்தில் 1910-இல் ரயில் ஓடியது" என்றால் ஃபால்ஸ், அதில் சந்தேகமில்லை. "இந்தியாவில் கடல்மேல் கட்டிய முதல் பாலம் பாம்பன்" என்று கேட்டால்? நம் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் ட்ரூ போடுவார்கள், ராமேஸ்வரம் போய்வந்த எல்லோருக்கும் தெரிந்ததுதானே. விடை நாட் கிவன். அது உண்மைதான், ஆனால் கட்டுரை அதைச் சொல்லவில்லை.

எம்.எஸ்ஸி., எம்.ஏ. முடித்தவர்களுக்கு இது கூடுதல் சிக்கல், நிறையத் தெரிந்திருப்பதே இங்கே இடைஞ்சல். ஒரு மாதிரித் தேர்வில் ஒளிச்சிதறல் பற்றிய கட்டுரை வந்தது, என் பாடம், 13 கேள்வியில் நான்கு தப்பு. பவளப்பாறை பற்றிய கட்டுரையில் ஒன்றுகூடத் தப்பில்லை. பவளப்பாறை பற்றி எதுவும் தெரியாததால் எழுதியிருந்ததை மட்டும் படித்தேன், ஒளி பற்றித் தெரிந்ததால் எழுதாததையும் சேர்த்துப் படித்தேன். ஆசிரியர் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று பிரிக்கிற இந்தப் பழக்கம் இப்போது ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது தினமும் உதவுகிறது. இதற்காக மட்டுமே ரீடிங் பகுதிக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் பட்டமேற்படிப்புக்கான படிப்புத்திறனை இது முழுசாக அளக்கிறது என்று சொல்லமாட்டேன். இங்கே வாரத்துக்கு மூன்று நான்கு ஆய்வுக் கட்டுரை தருகிறார்கள், ஒவ்வொன்றும் இருபது பக்கம். எதை முழுசாகப் படிப்பது, எதில் படத்தையும் முடிவையும் பார்த்துவிட்டு விடுவது, இவர் சொல்கிற முடிவுக்கு இவர் காட்டுகிற அளவீடு போதுமா என்று கேட்பது, வேலை அங்கேதான் இருக்கிறது. அறுபது நிமிடத் தேர்வு அதைத் தொடவில்லை. லிசனிங்கிலும் அப்படித்தான், எங்கள் விரிவுரைகளின் பதிவு இணையத்தில் இருக்கும், புரியாவிட்டால் மறுபடி ஓட்டலாம், கை தூக்கிக் கேட்கலாம். ஒரே தடவை கேட்டு முடிக்க வேண்டியது கருத்தரங்கில் மட்டும்தான். டோஃபல் என்கிற இன்னொரு இங்கிலீஷ் தேர்வில் பேச்சை முழுசாகக் கேட்டு குறிப்பெடுத்த பிறகுதான் கேள்வி வரும், வகுப்பறைக்கு அந்த முறை இன்னும் நெருக்கம் என்பது என் எண்ணம்.

இப்போது பயிற்சி மையம் விஷயம். எங்கள் ஊரில் ஒரு மையத்தில் 12,000 கட்டிச் சேர்ந்தேன். லிசனிங் வகுப்பு என்றால் முப்பது பேரை உட்காரவைத்து, ஃபேன் ஓடுகிற அறையில் ஒரு ஸ்பீக்கரில் தேர்வை ஓட்டுவார்கள், முடிந்ததும் விடைகளை வாசிப்பார்கள். ஏன் தப்பு, எந்த ஒலி விழவில்லை என்று ஒரு நாள்கூட யாரும் கேட்கவில்லை. உண்மைத் தேர்வில் ஹெட்போன், சத்தமில்லாத அறை, முற்றிலும் வேறு சூழல். அந்த 12,000 வீண் என்றுதான் சொல்லவேண்டும், கோபம் இன்னும் போகவில்லை.

இரண்டாம் தடவைக்கு முன் ஏழு வாரம் இருந்தது. கேட்டல் பகுதியை மட்டும் மறுபடி எழுதுகிற வசதி கணினித் தேர்வில் உண்டு, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும், ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை, நான் விண்ணப்பித்த இடமும் ஏற்கவில்லை. கட்டுவதற்கு முன்னால் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஏழு வாரமும் தினம் அரை மணி நேரம் ஒரே வேலை: எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற பிபிசி ஒலிப்பதிவில் இரண்டு நிமிடம் கேட்பது, நிறுத்தாமல் எழுதுவது, அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு விட்டுப்போன ஒவ்வொரு 'ஸ்'-ஐயும் சிவப்பில் வட்டமிடுவது. முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பு. ஐந்தாவது வாரம் பக்கத்துக்கு ஒன்றிரண்டு. தேர்வு நடத்துகிறவர்களின் தளத்திலேயே மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது, பழைய தேர்வுத்தாள் தொகுப்புகளைக் கல்லூரி நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். காசு செலவே ஆகவில்லை.

இரண்டாவது தடவை லிசனிங் 7.5, ரீடிங் 8. மற்ற இரண்டும் அதே 6.5, 7. மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் எந்தப் பருவத்தில் சேரப் போகிறீர்கள் என்று முடிவான பிறகு தேதி போடுங்கள்.

சித்தி மகள் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் பத்து அஞ்சல் குறியீட்டை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புகிறேன், ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். நேற்று பத்தில் எட்டு சரி. தப்பான இரண்டிலும் தமிழ்நாட்டு டி-க்குப் பதில் டெல்லி டி போட்டிருந்தாள்.