ஸ்லோவீன் மொழிபெயர்ப்பு ஏஜென்சி காட்டும் 'சான்றை' நம்ப வேண்டாம்

ஐரோப்பாவுக்கு பம்பு ஏற்றுமதி செய்கிறவர்கள் கவனத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 இயந்திர உத்தரவுப்படி, எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டு ஆட்சிமொழியில் கையேடு தர வேண்டும். ஸ்லோவீனியா என்றால் ஸ்லோவீன். கோவையில் உள்ள எங்கள் கம்பெனி இந்த வேலையை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தது. தாய்மொழிக்காரர்தான் செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார் என்றார்கள். பாதிப் பணம் அட்வான்ஸ்.

கையேட்டைப் படித்த ஸ்லோவீனிய வாடிக்கையாளரின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் போனில் சிரித்துக்கொண்டே பேசினார். மெக்கானிக்கல் சீல் வரும் இடமெல்லாம் 'த்யூலென்'. அது கடலில் நீந்தும் சீல், அதாவது கடல்நாய். கசிவைத் தடுக்கிற சீலுக்கு 'தெஸ்னீலோ' என்று வேறு சொல் இருக்கிறது. ஸ்பிரிங் 'பொம்லாத்' ஆகியிருந்தது, அதாவது வசந்த காலம். சுருள்வில்லுக்கு 'வ்ஸ்மெத்' என்றிருக்க வேண்டும். பம்பின் வெளிக்கூடான ஹவுசிங், குடியிருக்கிற வீடு. சுழல் தண்டோடு சக்கரத்தைப் பிணைக்கிற ஷாஃப்ட் கீ, பூட்டுச் சாவி. வசந்தத்தைக் கழற்றிவிட்டு கடல்நாயைத் துடைக்கச் சொல்கிற கையேட்டை வைத்துக்கொண்டு யார் பம்பைப் பிரிப்பது?

ஏஜென்சியிடம் கேட்டதும் ஒரு 'சான்றை' நீட்டினார்கள். ஸ்லோவீனை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிய பிரதி. அதில் ஸ்பிரிங் ஸ்பிரிங்காகவும் சீல் சீலாகவும் அப்படியே இருக்கிறது. இருக்காதா பின்னே? ஆங்கிலத்தில் வசந்தமும் ஸ்பிரிங், சுருள்வில்லும் ஸ்பிரிங். பல பொருள் உள்ள சொல்லில் நடந்த தப்பு இந்தச் சோதனையில் மாட்டவே மாட்டாது. அவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. ஸ்லோவீனில் இரண்டு பொருளைச் சொல்ல இருமை என்று தனி வடிவம் உண்டு. இரண்டு போல்ட் வரும் வாக்கியங்களில் அதுவும் பல இடங்களில் தப்பு. தாய்மொழிக்காரர் கை பட்டிருந்தால் இப்படி வராது. கடைசியில், "அகராதியில் இருக்கிற சொல்தானே" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் பார்ட்ஸ் லிஸ்டை மட்டும் மொழிபெயர்த்து வாங்குங்கள். வந்த சொற்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'இயாட்டே' (IATE) கலைச்சொல் தளத்தில், எந்தத் துறை என்பதையும் சேர்த்துத் தேடுங்கள், இலவசம். 'ஃப்ரான்' (Fran) என்ற ஸ்லோவீன் அகராதித் தளமும் உண்டு. அங்கே சொல்லுக்கான விளக்கத்தை எடுத்து மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தாலே கடல் பிராணியா, இயந்திர பாகமா என்று தெரிந்துவிடும். அப்புறம், வாங்குபவர் தரப்பு டெக்னீஷியன் படித்து ஒப்புக்கொண்ட பிறகே மீதிப் பணம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் கையேட்டை இப்போது மெக்கானிக்கல் துறை தெரிந்த ஒரு ஸ்லோவீனிய மொழிபெயர்ப்பாளர் முதலிலிருந்து செய்கிறார். ரேட் அதிகம்தான். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே பம்பின் குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்கினார். ஏஜென்சி ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை.