காலையில் மட்டும் வரும் கடகட சத்தம்: ஸ்கேனரா, கவரைக் கழற்றுவதா, காதா?

இரவு முழுக்க நின்ற வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம், இரண்டு மூன்று விநாடியில் அடங்கிவிடுகிறது. காரணத்தைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு: வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவது, வால்வ் கவரைக் கழற்றிப் பார்ப்பது, எதையும் கழற்றாமல் குளிர்ந்த நிலையிலேயே கேட்டுச் சோதிப்பது. நான் மூன்றாவது வழியின் பக்கம்.

ஒரே காரணம் நேரம். இந்தச் சத்தம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். என்ஜின் ஓடியதும் ஆயில் மேலே ஏறி, சத்தத்தை அடக்கிவிடும். அது மறுபடி வடிய பல மணி நேரம் ஆகும். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால், போய்ச் சேரும்போது கேட்க ஒன்றும் இருக்காது. முந்தின நாளே அங்கே விட்டுவிட வேண்டும்.

ஸ்கேனரால் பயன் இல்லாமல் இல்லை. கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைக்கும் டைமிங் செயின் நன்றாக நீண்டுவிட்டால், இரண்டுக்கும் பொருத்தம் விலகி பி0016 போன்ற கோடு வரும். ஆனால் விலகல் ஓர் அளவைத் தாண்டினால்தான் வரும். ஆயில் அழுத்தத்தால் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் இரவில் ஆயிலை இழந்து, காலையில் அதை இரண்டு விநாடி தளர விட்டால், பல் தாண்டாதவரை கோடு விழாது. ஸ்கேனரில் ஒன்றும் இல்லை என்பதால் செயின் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

காதால் பிடிக்கும் வழிக்கு மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் போதும். நீளமான ஸ்க்ரூடிரைவரும் உதவும், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு விநாடியில் ஓர் இடத்தைத்தான் கேட்க முடியும். அதனால் முதல் நாள் டைமிங் கவரின் மேல்பகுதி, மறுநாள் வால்வ் கவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதே சமயம் இன்னொருவர் ஆயில் விளக்கைக் கவனிக்கட்டும். விளக்கு அணைவதும் சத்தம் அடங்குவதும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தால், பிரச்சினை ஆயில் தாமதமாக வருவதில்தான்.

இதை உறுதி செய்ய நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது. என்ஜின் சுற்றும், பிடிக்காது; அந்தச் சுற்றலிலேயே ஆயில் மேலே ஏறும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, 5 விநாடி அப்படிச் சுற்றவிடுங்கள். 10 விநாடியைத் தாண்டினால் செல்ஃப் மோட்டார் சூடாகும். தப்பித்தவறி என்ஜின் பிடித்துவிட்டால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். பிறகு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் வரவில்லையா? ஆயில் வடிந்ததுதான் காரணம். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சிலவற்றில் இது நடக்காது; டீசலுக்கும் இந்த முறையை நம்ப வேண்டாம்.

அடுத்து டிப் ஸ்டிக்கில் அளவையும் ஆயில் கிரேடையும் பாருங்கள், பிறகு ஃபில்டர். படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டிய ஃபில்டரில், ஆயிலைத் திரும்ப விடாமல் தடுப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வால்வ்தான். அது விறைத்துப்போனால் இரவோடு இரவாக ஆயில் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கழற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட காலியாக வந்தால் விஷயம் புரிந்துவிடும். வாய் மேலே பார்க்கத் தொங்கும் ஃபில்டரில் ஆயில் தானாகவே நிற்கும், அங்கே இந்தச் சந்தேகம் குறைவு. சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது தவறு. குளிரில் அது மேலே ஏற இன்னும் தாமதமாகும்.

அப்படி மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் வேறு பக்கம் திரும்ப வேண்டும். சைலன்சர் ஹீட் ஷீல்டு (வெப்பத் தடுப்புத் தகடு) தளர்ந்திருந்தால், என்ஜின் ஓடாதபோது ரப்பர் சுத்தியால் தட்டினாலே தெரிந்துவிடும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் சத்தமானால் போனில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து எண்ணலாம்: 1200 ஆர்பிஎம்மில் வால்வ் பக்கத்துத் தட்டல் விநாடிக்கு 10, கிராங்க் வேகத்தில் வருவது 20. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும் பிஸ்டன் ஸ்லாப்பும் பெரும்பாலும் 10 கணக்கில்தான் வரும். ஆனால் அதன் ஒலி மந்தமானது, என்ஜின் சூடேறச் சூடேறக் குறையும். எக்ஸாஸ்ட் கசிவும் சூடேறினால் அடங்கும், ஆனால் கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கும்.

காது தோற்கும் இடமும் உண்டு. டென்ஷனரும், கேமின் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரின் பூட்டு ஊசியும் (லாக் பின்) ஒரே மூலையில், அதே இரண்டு விநாடியில் சத்தம் போடும். புது ஃபில்டருக்குப் பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் அப்போதுதான் கவரைக் கழற்ற வேண்டும். கிராங்கை ஓடும் திசையிலேயே கையால் சுற்றி, செயின் தளர்வையும், செயின் உரசி ஓடும் கைடின் தேய்மானத்தையும் பாருங்கள். பின்பக்கமாகச் சுற்றினால் செயின் பல் தாண்டக்கூடும். மூடும்போது புது கேஸ்கெட் போட வேண்டும்.